எலும்புகள் பசியாறும் நாள்கள்
பாராதைராய்டு அறுவைக்குப் பின் இரத்தக் கால்சியம் ஏன் இறங்குகிறது?

கழுத்தில் சிறு கீறல் போட்டு, வீங்கிப் பெருத்த ஒரு பாராதைராய்டு சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக ஏறியே இருந்த கால்சியம் அன்று மாலையே இறங்கத் தொடங்குகிறது. மறுநாள் காலை நோயாளி எழுந்து நடக்கிறார், இட்லி சாப்பிடுகிறார், வலி பெரிதாக இல்லை என்கிறார். அன்றோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இரத்தத்தில் கால்சியம் அதன் அடிமட்டத்தைத் தொடுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அதாவது ஆபத்தான நேரம் வரும்போது நோயாளி மருத்துவமனையில் இருப்பதில்லை. உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும், விரல் நுனிகளில் சுருக் சுருக்கென்று குத்துவதும், கை தானாக மடங்கி விறைப்பதும் வீட்டில்தான் நடக்கின்றன. இந்த அறுவையைப் பற்றி நோயாளியிடம் ஒரே ஒரு செய்திதான் சொல்ல முடியும் என்றால், அது இந்த நாள்கணக்காக இருக்க வேண்டும் என்பேன்.

இறக்கம் ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, உடலின் கால்சியம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் சேர்த்துக் கிடைப்பது சுமார் 1 கிராம் மட்டுமே. நரம்பு தூண்டப்படுவதும் தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் இந்த ஒரு கிராமை நம்பித்தான். ஆகவே அதன் அளவு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. காப்பவை தைராய்டின் முதுகுப்புறம் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். நான்கையும் சேர்த்து நிறுத்தாலும் கால் கிராம் தேறாது.

இவை சுரக்கும் ஹார்மோன் மூன்று இடங்களில் வேலை செய்கிறது. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்தில் சேர்க்கிறது. சிறுநீரில் கால்சியம் வீணாவதைத் தடுத்து, பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. மூன்றாவதாக, வைட்டமின் டியைச் சிறுநீரகத்தில் வீரியமுள்ள கால்சிட்ரியாலாக மாற்றச் செய்து, குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வழி செய்கிறது. ஒரு சுரப்பியில் கட்டி வளர்ந்து ஹார்மோன் கட்டுப்பாடில்லாமல் பெருகும்போது கால்சியம் ஏறுகிறது, சிறுநீரகத்தில் கல் உருவாகிறது, எலும்பு மெலிகிறது. கட்டியை எடுத்துவிட்டால் நிலைமை சில நிமிடங்களில் தலைகீழாகிறது. இந்த ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு நிமிடங்களே ஆகும். இந்த வேகத்தை நம்பித்தான், கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து அறுவை மேசையிலேயே இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஹார்மோன் பாதிக்கு மேல் குறைந்திருந்தால் சரியான சுரப்பியை எடுத்துவிட்டோம் என்று பொருள்.

மீதமுள்ள மூன்று சுரப்பிகளும் உடனே வேலையை எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்போம். அவையோ நீண்ட காலமாகக் கால்சியம் ஏறியிருந்ததால் அடங்கிக் கிடந்தவை. விழித்தெழச் சில நாள்கள், சில சமயம் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில் வரும் இலேசான இறக்கம் பலருக்கும் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும்.

எலும்பு நோய் முற்றியிருந்தவர்களுக்கு நடப்பது வேறு. எலும்பில் பழையதை இடிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் எப்போதும் சேர்ந்தே இயங்குகின்றன. ஹார்மோன் மிகும்போது இரண்டுமே வெறிகொண்டு வேலை செய்கின்றன. இடிப்பது ஒரு படி முந்தியே இருப்பதால் எலும்பு தேய்கிறது. கட்டி அகற்றப்பட்டதும் இடிக்கிற ஆட்கள் ஒரே நாளில் நின்றுவிடுகிறார்கள். கொத்தனார்கள் நிற்பதில்லை. ஏற்கெனவே எழுப்பிவைத்த, சுண்ணாம்பு ஏறாத புரதச் சுவர் எலும்பெங்கும் பரந்து கிடக்கிறது. அதைப் பூசி முடிக்கக் கால்சியமும் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் வேண்டும். இரத்தத்தில் உள்ள ஒரு கிராமிலிருந்து எலும்பு அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. புல்லர் ஆல்பிரைட்டும் எட்வர்ட் ரைஃபன்ஸ்டைனும் 1948இல் இந்நிலைக்குக் கொடுத்த பெயர்தான் பசித்த எலும்பு நோய்க்குறி. கால்சியம் 8.4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி நான்கு நாள்களுக்கு மேல் நீடித்தால் அதை இந்தப் பெயரில் சொல்வது பொதுவான வழக்கம். கடுமையானவர்களுக்கு இது மாதக்கணக்கிலும் நீளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கால்சியம் இறங்கியதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஆபரேஷன் சரியா நடக்கலையா டாக்டர்?" என்பதுதான். பசித்த எலும்பைப் பொறுத்தவரை விடை நேர்மாறானது. அறுவை வெற்றி பெற்றதால்தான் எலும்பு தன் பங்கைத் திரும்ப வாங்குகிறது. ஆனால் எல்லா இறக்கமும் இந்த வகையல்ல. மீதமிருந்த நல்ல சுரப்பிகள் அறுவையின்போது அடிபட்டோ இரத்த ஓட்டம் அறுந்தோ போயிருந்தால், ஹார்மோன் இல்லாமலே கால்சியம் விழும். இரண்டையும் பிரித்தறிய விலை குறைந்த ஒரு சோதனை போதும்: இரத்த பாஸ்பேட். எலும்பு பசித்திருந்தால் அது கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும், ஆகவே இரண்டும் குறையும். சுரப்பியே செயலிழந்திருந்தால் சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்றாது, ஆகவே கால்சியம் குறைய பாஸ்பேட் ஏறும். கூடவே ஹார்மோன் அளவையும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமையும் பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். கால்சியத்தை மட்டும் எழுதி அனுப்பும் சோதனைச் சீட்டு பாதி விடையைத்தான் கொண்டுவருகிறது.

இந்த அறிவு மனிதர்களின் உயிரைக் கொடுத்து வாங்கப்பட்டது. சுரப்பிகளை முதலில் கண்டவர் ரிச்சர்ட் ஓவன். 1849இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது தைராய்டை ஒட்டி ஒரு சிறு மஞ்சள் உறுப்பைக் குறித்துவைத்தார். மனித உடலில் அவற்றைக் கண்டு பெயரிட்டவர் ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம். 1880இல் வெளியான அவரது கட்டுரையை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. அதே காலத்தில் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் தைராய்டை முழுதாக அகற்றிய நோயாளிகள் சிலர் கை கால் இழுத்து இறந்துகொண்டிருந்தார்கள். அறியாமல் பாராதைராய்டுகளையும் சேர்த்து எடுத்துவிட்டதே காரணம் என்பது பின்னால்தான் தெளிந்தது. 1909இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மெக்கலமும் வோக்ட்லினும், இந்தச் சுரப்பிகள் நீக்கப்பட்ட நாய்களின் இசிவு கால்சியம் ஊசியால் அடங்குவதைக் காட்டினார்கள். இன்று நள்ளிரவில் அவசரப் பிரிவில் போடப்படும் கால்சியம் குளுகோனேட் ஊசி அந்தச் சோதனையின் நேர் வாரிசு.

ஆனால் நோயின் திசையையே தலைகீழாகப் புரிந்துகொண்ட காலமும் ஒன்று இருந்தது. எலும்பு நோய் உள்ளவர்களின் சுரப்பி பெருத்திருப்பதைக் கண்ட வியன்னாவின் யாக்கோப் எர்ட்ஹைம், எலும்பு கெட்டதால் அதை ஈடுகட்டச் சுரப்பி வளர்கிறது என்று கருதினார். அதை நம்பிய பெலிக்ஸ் மாண்டல், எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருந்த ஆல்பர்ட் யானே என்ற டிராம் வண்டி நடத்துநருக்கு முதலில் சுரப்பிச் சாறு கொடுத்தார், பிறகு இறந்த ஒருவரின் பாராதைராய்டையே பதியம் வைத்தார். நோய் கூடியது. 1925 ஜூலையில் எதிர்வழியில் போய், யானேயின் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தார். வலி தணிந்தது, யானே மீண்டும் நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது என்றாலும், இந்த நோய்க்கான அறுவை அந்த நாளில்தான் பிறந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்தது இன்னும் துயரமானது. வணிகக் கப்பல் அதிகாரி சார்லஸ் மார்ட்டெல் சுமார் ஏழு அங்குலம் உயரம் குறைந்து, முதுகெலும்பு அமுங்கி, எலும்புகள் அடிக்கடி முறிந்து, 1926இல் நியூயார்க்கில் நோய் கண்டறியப்பட்டு, பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கழுத்தைத் திறந்து தேடினார்கள், கட்டி கிடைக்கவில்லை. மறுபடியும் திறந்தார்கள். நியூயார்க்கிலும் ஒருமுறை திறந்தார்கள். இடையில் நல்ல சுரப்பித் திசுவும் எடுக்கப்பட்டது. மார்ட்டெல் தாமே மருத்துவ நூல்களைப் படித்து, கட்டி மார்புக்குள் இருக்கக்கூடும், அங்கே தேடுங்கள் என்று வற்புறுத்தினார். 1932இல் ஆலிவர் கோப்பும் எட்வர்ட் சர்ச்சிலும் ஏழாவது அறுவையில் மார்பெலும்பைப் பிளந்து பார்த்தபோது, அவர் சொன்ன இடத்தில் கட்டி இருந்தது. கால்சியம் திடீரென்று விழுந்துவிடும் என்ற அச்சத்தால் முழுதாக எடுக்காமல், இரத்தக்குழாயோடு ஒரு சிறு பகுதியை விட்டுவைத்தார்கள். அப்படியும் மூன்றாம் நாள் இசிவு தொடங்கியது. கால்சியம் கொடுத்துச் சமாளித்தார்கள். சில வாரங்கள் கழித்து, சிறுநீர்க்குழாயில் அடைத்த கல்லை நீக்க இன்னோர் அறுவை தேவைப்பட்டது. அதன் பின் மார்ட்டெல் இறந்துவிட்டார்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் சிறு பகுதியை விட்டுவைத்த முடிவில் போய் நிற்கிறது. இறக்கம் வரும் என்று அந்த மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்று தெரியவில்லை. அன்று கால்சிட்ரியால் கிடையாது, ஹார்மோனை அளக்கும் சோதனை கிடையாது. இன்று அவை எல்லாம் இருந்தும், ஆழமாக விழப்போகிறவர் யார் என்பதை அறுவைக்கு முன்பே கணித்துவைப்பதுதான் சிகிச்சையின் முக்கால் பங்கு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் மிகுந்திருப்பவர், எக்ஸ்ரேயில் விரல் எலும்புகள் அரித்துத் தெரிபவர், கட்டி பெரிதாக இருப்பவர், வயது முதிர்ந்தவர், வைட்டமின் டி குறைந்தவர் ஆகியோருக்கு எலும்பு அதிகமாகப் பசிக்கும். இந்தக் குறிகள் எல்லாம் சாதாரணச் சோதனைகளில் முன்கூட்டியே தெரிபவை.

நம் நாட்டில் இந்தப் பட்டியலில் அடங்குபவர்கள் மிகுதி. மேலைநாடுகளில் 1970களிலிருந்து எந்தக் காரணத்துக்காக இரத்தம் எடுத்தாலும் கால்சியத்தையும் சேர்த்து அளக்கும் வழக்கம் பரவியது. அதனால் அங்கே பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் தொடங்குமுன்பே கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இந்தியாவில் இன்னமும் பலர் எலும்பு முறிந்த பிறகு, மாடிப்படி ஏற முடியாமல் தொடை தளர்ந்த பிறகு, சிறுநீரகக் கல் இரண்டு மூன்று முறை வந்த பிறகுதான் இந்த நோயென்று அறிகிறார்கள். முட்டு வலி, வாயு, வயசு என்று சொல்லி ஆண்டுகள் போயிருக்கும். இந்த நோயால் தாடையில் வந்த பழுப்புக் கட்டியைப் புற்றென்று அஞ்சியவர்களும் உண்டு. இதற்கு மேல், வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. நாள் முழுதும் கூரைக்கடியில் வேலை, உடலை மூடும் உடை, தோலின் கருமை, இந்தச் சத்து அரிதான உணவு எல்லாம் சேர்ந்த விளைவு இது. நோய் முற்றிய எலும்பும் வைட்டமின் டி இல்லாத உடலும் ஒரே ஆளிடம் சேரும்போது, அறுவைக்குப் பின் வரும் இறக்கம் மேலைநாட்டுப் பாடநூல் சொல்வதைவிட ஆழமாகவே இருக்கும். ஆகவே அங்கே பொருந்தும் 'காலையில் அறுவை, மாலையில் வீடு' என்ற முறையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தூரமும் ஒரு காரணம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இரயிலில் வருகிறார்கள். மூன்றாம் நாள் இசிவு வரக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் ஓடும் இரயிலில் இருக்கக் கூடாது. எலும்பு நோய் முற்றியவர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாரமாவது அறை எடுத்துத் தங்குவது நல்லது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி மருந்து. வீட்டில் இருப்பவர்கள் அன்போடு கேழ்வரகுக் கஞ்சியும் பாலும் முருங்கைக்கீரையும் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், நல்ல உணவுதான். ஆனால் எலும்பு கேட்கும் அளவு வேறு. கடுமையான நிலையில் நாளொன்றுக்கு 6 கிராம், சிலருக்கு அதற்கும் மேல், தனிக் கால்சியம் தேவைப்படும். அதைப் பாலில் மட்டுமே பெற வேண்டுமானால் ஐந்து லிட்டர் குடிக்க வேண்டும். மாத்திரையின்றி நடக்காது. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். அட்டையில் இரண்டில் எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், எனவே அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவருக்கு அது சரியாக ஏறாது. அவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் பொருந்தும். தைராக்சின் மாத்திரை போடுகிறவர் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும்.

வைட்டமின் டி பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் பொடியை எடுத்துவிட்டதால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொடி சிறுநீரகத்தில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். மாற்றத்தைத் தூண்டும் ஹார்மோன் திடீரென்று விழுந்திருக்கும் நேரம் இது. ஆகவே ஏற்கெனவே வீரியம் பெற்ற கால்சிட்ரியாலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். பொடிக்கு உரிய காலம் அறுவைக்கு முந்தைய வாரங்கள். குறைபாடு இருந்தால் கால்சியத்தைக் கவனித்துக்கொண்டே அப்போது நிரப்பிவைப்பது நல்லது.

மெக்னீசியத்தை மறந்துவிடுவதும் உண்டு. மெக்னீசியம் மிகக் குறைந்தால் சுரப்பியிலிருந்து ஹார்மோன் வெளிவராது, வந்தாலும் எலும்பு அதற்குச் செவிசாய்க்காது. எவ்வளவு கால்சியம் கொடுத்தும் அளவு ஏறவில்லையென்றால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். பாஸ்பேட் குறைந்திருக்கிறதே என்று அதை அவசரமாக ஏற்றுவதும் தவறாகிவிடும். அது கால்சியத்தோடு சேர்ந்து படிந்து, இருக்கும் கால்சியத்தையும் குறைத்துவிடும். தசை சோர்ந்து மூச்சு வாங்கும் அளவுக்குப் பாஸ்பேட் விழுந்தால் மட்டுமே அது தேவை.

அறிகுறி தோன்றினால் என்ன செய்வது? உதடும் விரலும் மரத்தால் மருத்துவர் சொல்லிவைத்த கூடுதல் மாத்திரையை உடனே போட்டுவிட்டு அவரை அழைக்க வேண்டும். கை மடங்கி விறைத்தாலோ, தொண்டை இறுகி மூச்சில் சத்தம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ மாத்திரையோடு நேரம் கடத்தக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றப்படும் 10 விழுக்காடு கால்சியம் குளுகோனேட்டின் 10 மில்லிலிட்டரில் இருப்பது ஏறக்குறைய 90 மில்லிகிராம் கால்சியம். அது இசிவைத் தணிக்கும், எலும்பின் பசியைத் தணிக்காது. எனவே அதன் பின் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள்.

பயமும் இதில் ஒரு கேடு செய்கிறது. கை விறைப்பதைக் கண்டு மிரண்டு வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது கால்சியம் ஆல்புமின் புரதத்தோடு மேலும் ஒட்டிக்கொள்கிறது, நரம்புக்குப் பயன்படும் தனிக் கால்சியம் இன்னும் குறைகிறது, விறைப்பு கூடுகிறது. முன்பே எச்சரிக்கப்பட்ட நோயாளி அமைதியாக இருப்பார். சொல்லப்படாதவர் தமக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாகவே நினைப்பார். அவசரப் பிரிவில் புதிதாகப் பார்க்கும் மருத்துவரும் இதை வெறும் பதற்றம் என்று ஒதுக்கிவிடலாம். கழுத்திலிருக்கும் புதுத் தழும்பைக் காட்டி, அறுவையின் தேதியைச் சொல்ல வீட்டார் ஒருவர் கூட இருப்பது நல்லது.

காதுக்கு முன்னால் தட்டிப் பார்த்து முகம் துடிக்கிறதா என்று கவனிக்கும் ஷ்வாஸ்டெக் சோதனையும், இரத்த அழுத்தப் பட்டையை மூன்று நிமிடம் இறுக்கி வைத்துக் கை மடங்குகிறதா என்று பார்க்கும் ட்ரூசோ சோதனையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருபவை. முன்னது நோயில்லாதவர் சிலரிடமும் தென்படும். ஆகவே அதை அறுவைக்கு முன்பே ஒருமுறை செய்து எழுதிவைத்தால்தான் பின்னால் பயன்படும்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்கு நான்கு சுரப்பிகளுமே பெருத்திருக்கும், எலும்பு ஆண்டுக்கணக்கில் அரிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு சிறு துண்டை முன்கைத் தசையில் பதிப்பது ஒரு முறை. அது வேர்விட்டு வேலை தொடங்க வாரங்கள் ஆகும். பசித்த எலும்பு இவர்களிடம்தான் மிகக் கடுமையாக வருகிறது. டயாலிசிஸ் நீரிலேயே கால்சியத்தைக் கூட்டி வைப்பது இவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி.

எலும்பு நிறைந்துவிட்டதை எப்படி அறிவது? அல்கலைன் பாஸ்பட்டேஸ் படிப்படியாக இறங்கி இயல்புக்கு வரும். அதுவரை ஏறாத கால்சியம், அதே மாத்திரையில் தானாக ஏறத் தொடங்கும். சிறுநீரிலும் மீண்டும் தோன்றும். எலும்பின் அடர்த்தியும் கூடும். நியூயார்க்கில் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி முதல் ஆண்டில் 8 விழுக்காடும் பத்தாம் ஆண்டில் 12 விழுக்காடும் உயர்ந்திருந்தது. இந்தக் கட்டத்தில் ஆபத்து திசை மாறுகிறது. பசிக்காக எழுதிய மாத்திரையையும் கால்சிட்ரியாலையும் பசி தீர்ந்த பின்னும் அதே அளவில் விழுங்கிக்கொண்டிருந்தால் கால்சியம் மிகுந்து, எந்தக் கல்லுக்கு அஞ்சி அறுவை செய்துகொண்டாரோ அதே கல் மறுபடி வரும். ஆகவே முதலில் அடிக்கடியும், பிறகு வாரம் ஒருமுறையும், அதன் பின் மாதம் ஒருமுறையும் இரத்தம் பார்த்து, கால்சிட்ரியாலையும் கால்சியத்தையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். ஆறு மாதம் கடந்தும் மாத்திரை இல்லாமல் கால்சியம் இயல்பாக நின்றால், அறுவை நோயைத் தீர்த்துவிட்டது என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள்.